குரோட்டன் இலையின் வரவு செலவு



வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். வெளியே எத்தனை விதமான பச்சை! உருளைக்கிழங்குப் பாத்தி ஒரு பச்சை. லீக்ஸ் பாத்தி நீலம் கலந்த பச்சை. தேயிலை மலையில் முற்றிய இலை கரும்பச்சை, கொழுந்து இளம்பச்சை.

இத்தனை பச்சைக்கும் நடுவில் ஒரு செடி மட்டும் வேறு நிறத்தில் நிற்கும். மஞ்சள் புள்ளி, சிவப்பு நரம்பு, செம்மஞ்சள் விளிம்பு என்று அதன் இலையில் எல்லாம் இருக்கும். லயத்து வாசலில் பார்த்திருப்பீர்கள். கோயில் முன்றலிலும் பள்ளிக்கூட வேலியோரத்திலும் பார்த்திருப்பீர்கள். ஆம், குரோட்டன்தான்.

இப்போது ஒரு கேள்வி. தாவரம் தன் உணவைத் தானே செய்துகொள்கிறது, அதற்கு இலையில் பச்சை வேண்டும் என்று விஞ்ஞான பாடத்தில் படித்தீர்கள் அல்லவா? அப்படியானால் பாதி இலை மஞ்சளாக இருக்கிற குரோட்டன் எப்படிச் சாப்பிடுகிறது?

உங்களில் யாருக்காவது இந்தக் கேள்வி முன்பே தோன்றியிருந்தால், சபாஷ்! படித்ததையும் பார்த்ததையும் பக்கத்தில் வைத்து, "இது ஏன் ஒத்துப்போகவில்லை?" என்று கேட்பதுதான் விஞ்ஞானத்தின் முதல் படி. அந்தப் படியில் நீங்கள் ஏற்கனவே ஏறிவிட்டீர்கள்.

இன்று இதற்கு விடை தேடுவோம். கூடவே ஒரு குரோட்டன் கன்றை வளர்த்தெடுக்கவும் கற்றுக்கொள்வோம். இலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கு, செடியை எங்கே நடுவது, எந்தக் கிளையை வெட்டுவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பச்சைக்கு என்ன வேலை?

ஓர் இலையை மிக மிக மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் சின்னச் சின்ன அறைகள் தெரியும். அவைதான் கலங்கள். பச்சையான பகுதியில், பெரும்பாலான கலங்களுக்குள் பச்சை மணிகள் பல கிடக்கும். அவற்றுக்குப் பெயர் பச்சையவுருமணி. அதற்குள் இருக்கும் பச்சை நிறப்பொருள் பச்சையம்.

பச்சையம் சூரிய ஒளியைப் பிடிக்கிறது. வேர் அனுப்பும் நீரையும், இலையின் நுண்துளைகள் வழியே வரும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து, அந்த ஒளியின் சக்தியால் வெல்லம் உண்டாகிறது. மிச்சமாக வெளியே வருவது ஒட்சிசன். இதுதான் ஒளித்தொகுப்பு. உண்டான வெல்லத்தில் ஒரு பங்கை இலை மாப்பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது.

இதுவரை புரிந்ததா? ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்: ஒளி, நீர், காபனீரொட்சைட்டு, பச்சையம். இந்த நான்கும் வேண்டும்.

அப்படியானால் இலையின் பச்சை இல்லாத பகுதியில் மாப்பொருள் இருக்குமா? ஊகிக்க வேண்டாம், சோதித்தே பார்க்கலாம். இதற்குக் குரோட்டனைவிடப் பன்னிறச் செவ்வரத்தை இலை நல்லது. அது மெல்லியது. பச்சையும் வெள்ளையும் திட்டுத் திட்டாகத் தெளிவாக இருக்கும்.

சில மணி நேரம் வெயில் பட்ட இலை ஒன்றைப் பறித்து, பச்சை எங்கே, வெள்ளை எங்கே என்று கொப்பியில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், இலையைக் கொதிநீரில் சிறிது நேரம் இட வேண்டும். அடுத்ததாக மதுசாரத்தில் இட்டு, அந்தப் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். பச்சை கரைந்து இலை வெளிறிவிடும். அதைக் கழுவி, வெள்ளைத் தட்டில் விரித்து, அயடீன் கரைசலைச் சில துளிகள் விட வேண்டும்.

என்ன நடக்கும் தெரியுமா? முன்பு பச்சையாக இருந்த இடமெல்லாம் கருநீலமாகும். வெள்ளையாக இருந்த இடம் அயடீனின் மண்ணிறத்திலேயே இருக்கும். நீங்கள் வரைந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரம் ஓரமாகப் பொருந்தும்!

மதுசாரம் சட்டென்று தீப்பிடிக்கும். ஆகையால் இதை வீட்டில் செய்யவே கூடாது. நேரே நெருப்பில் காட்டாமல் வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதும் அதனால்தான்.

மஞ்சளும் சிவப்பும் எங்கிருந்து வந்தன?

குரோட்டன் இலையில் மூன்று வகை நிறப்பொருள்கள் உள்ளன. பச்சையம் ஒன்று. மஞ்சளும் செம்மஞ்சளும் தருகிற கரோட்டின் வகை இரண்டாவது. சிவப்பும் ஊதாவும் தருகிற அந்தோசயனின் மூன்றாவது.

கரோட்டின் வகை பச்சை இலையிலும் இருக்கிறது. பச்சையம் நிறைய இருப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. மாங்காய் பழுக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? தோலில் உள்ள பச்சையம் சிதைகிறது. மஞ்சள் வெளியே தெரிகிறது. குரோட்டன் இலையின் மஞ்சள் திட்டில் பச்சையம் ஆரம்பத்திலிருந்தே குறைவு அல்லது இல்லை. ஆகையால் அங்கே மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது.

சிவப்பின் கதை வேறு. சிவந்த இலையில் பச்சையம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பல நேரம் பச்சையமும் உள்ளே இருக்கிறது, சிவப்பு அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. அந்தோசயனின் நீரில் கரையும். பச்சையம் நீரில் கரையாது. ஆகவே செக்கச் சிவந்த இலையைக் கொதிநீரில் இட்டால் சிவப்பு கழன்று வரும், உள்ளே இருந்த பச்சை மெல்ல எட்டிப் பார்க்கும்.

அடுப்படியில் சிவப்புக் கீரை அவிக்கும்போது தண்ணீர் சிவப்பதைக் கவனித்திருப்பீர்கள். கீரையில் இருக்கும் சிவப்பு வேறொரு நிறப்பொருள். ஆனாலும் நீரில் கரையும் குணம் அதற்கும் உண்டு.

இன்னொரு விந்தையும் சொல்கிறேன். மாமரத்தின் குருத்து இலை செம்பு நிறமாக இருக்கும். முற்றினால் பச்சையாகும். குரோட்டன் வகைகள் பலவற்றில் இது தலைகீழ்! குருத்து பச்சையும் மஞ்சளுமாக வருகிறது. வயது ஏற ஏறச் சிவக்கிறது. ஆகவே ஒரே கிளையில் நுனியிலிருந்து அடிவரை பார்த்துக்கொண்டே வந்தால், ஓர் இலை எப்படி வளர்ந்தது என்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம். நாளைக்கே ஒரு கிளையில் பாருங்கள்.

எல்லாரும் சாப்பிடுகிறார்கள், உழைப்பது யார்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பாதி மஞ்சளான இலை எப்படிச் சாப்பிடுகிறது?

ஒரு வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். மற்ற மூவர் போவதில்லை. ஆனால் சோறு ஆறு பேருக்கும் ஆக வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரியும். பட்டினி இல்லை. ஆனால் மிச்சம் பிடிப்பது கடினம், அல்லவா?

பன்னிற இலையும் அப்படித்தான். பச்சைப் பகுதி உழைக்கிறது. வெல்லம் நரம்புகள் வழியே மஞ்சள் பகுதிக்கும், தண்டுக்கும், வேருக்கும் போகிறது. ஆகவே செடி வாழ்கிறது. ஆனால் முழுப் பச்சைச் செடியைவிட மெதுவாகவே வளர்கிறது.

இந்த வரவு செலவுதான் இன்றைய பாடத்தின் உயிர்நாடி. மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு வேலைக்கும் இதுதான் காரணம்.

அது சரி, பச்சையே இல்லாத கிளை இருந்தால்? அதையும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

அந்திமந்தாரை தெரியும்தானே? சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மலர்கிற பூ. கார்ல் கொரென்ஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானி இந்தச் செடியின் ஒரு பன்னிற வகையை வளர்த்தார். அதில் சில கிளை முழுப் பச்சை, சில முழு வெள்ளை, சில இரண்டும் கலந்தவை. ஒவ்வொரு கிளையிலும் வந்த விதைகளைத் தனித்தனியாக முளைக்க வைத்தார்.

பச்சைக் கிளையின் விதைகள் பச்சைக் கன்றுகளைத் தந்தன. கலப்புக் கிளையின் விதைகள் மூன்று வகைக் கன்றுகளையும் தந்தன. வெள்ளைக் கிளையின் விதைகள் முளைத்தன, ஆனால் வெள்ளையாக முளைத்தன. விதைக்குள் இருந்த உணவு தீர்ந்ததும் அந்த நாற்றுகள் மடிந்தன. பெரிய செடியில் இருந்தவரை வெள்ளைக் கிளைக்குப் பச்சைக் கிளைகள் ஊட்டின. தனியே வந்த பிறகு ஊட்ட யாருமில்லை.

மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை என்பதையும் கொரென்ஸ் கண்டார். விதை எந்தக் கிளையில் விளைந்ததோ அதைப் பொறுத்தே கன்றின் நிறம் இருந்தது. காரணம், அந்தச் செடியில் பச்சையவுருமணிகள் தாயின் வழியாகவே பிள்ளைக்குப் போகின்றன. 1909 ஆம் ஆண்டு அவர் இதை வெளியிட்டார்.

எல்லாப் பன்னிறமும் இந்த ஒரே வழியில்தான் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். குரோட்டனில் நிறக்கோலம் அதன் பரம்பரை அலகுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேறு சில செடிகளில் இலையின் வெளி அடுக்கு ஒரு வகைக் கலங்களாலும் உள் அடுக்கு இன்னொரு வகைக் கலங்களாலும் ஆனது. இன்னும் சிலவற்றில் வைரசு நோயால் மஞ்சள் திட்டு விழும். உங்கள் தோட்டத்துப் போஞ்சி இலை திடீரென்று மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கினால் அதை அழகு என்று எண்ணாதீர்கள். அது நோயாக இருக்கலாம். அப்பாவிடமோ அம்மாவிடமோ உடனே காட்டுங்கள்.

இந்தச் செடியின் சொந்த ஊர்

குரோட்டன் நம் மலைகளில் பிறந்ததல்ல. இந்தோனேசியாவிலிருந்து வட அவுஸ்திரேலியா, பசுபிக் தீவுகள் வரை அதன் பிறந்த வீடு. வெப்பமும் ஈரமும் உள்ள இடங்கள் அவை.

அங்கே அம்போன் என்றொரு தீவு இருக்கிறது. ஒல்லாந்துக் கம்பெனியின் வேலையாக வந்த ரம்ஃபியஸ் என்பவர் அந்தத் தீவின் செடிகொடிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். நடுவில் 1670 ஆம் ஆண்டு அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. தொட்டும் முகர்ந்தும் அறிந்து, மற்றவர்களைக் கொண்டு எழுதுவித்தார். 1702 இல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1741 முதல்தான் அந்த நூல் அச்சாகி வெளிவந்தது. குரோட்டனும் அதில் இருக்கிறது. கண் தெரியாதவர் முடித்துத் தந்த நூலில், கண்ணைப் பறிக்கும் நிறம் கொண்ட செடி!

1753 இல் லின்னேயஸ் என்ற விஞ்ஞானி இதைக் குரோட்டன் என்ற பேரினத்தில் வைத்து அறிவியல் பெயர் இட்டார். பிறகு தாவரவியலாளர்கள் இதை வேறு பேரினத்துக்கு மாற்றி, கோடியேயம் வேரிகேட்டம் என்று வைத்தார்கள். நாம் பழைய பெயரிலேயே அழைத்து வருகிறோம்.

இதன் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? மரவள்ளி, ஆமணக்கு, இறப்பர். எல்லாம் ஒரே குடும்பம். கிளையை ஒடித்தால் சாறு கசிவது இந்தக் குடும்பத்தில் பலவற்றின் வழக்கம்.

இன்னொன்று, குரோட்டன் என்றும் பசுமையான செடி. அதன் இலை உதிரவே உதிராது என்று இதற்குப் பொருள் இல்லை. எல்லா இலையும் ஒரே காலத்தில் உதிராது, அவ்வளவுதான். முள்முருக்கு மரம் ஒரு பருவத்தில் மொட்டையாக நிற்கும். தேயிலையும் குரோட்டனும் அப்படி நிற்பதில்லை. பழைய இலை ஒன்றொன்றாகப் போக, புதிய இலை வந்துகொண்டே இருக்கும்.

வெலிமடையில் எங்கே நடுவது?

இனி கையில் மண்படும் வேலை. அதற்கு முன் சின்னக் கணக்கு ஒன்று.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெலிமடை 1,000 மீட்டருக்கு மேலே. நுவரெலியா வீதியில் இன்னும் ஏறினால் ஹக்கலைத் தாவரவியல் பூங்கா ஏறத்தாழ 1,700 மீட்டரில். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை பொதுவாக 6 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே குறையும். அப்படியானால் பதுளைக்கும் ஹக்கலைக்கும் எவ்வளவு வித்தியாசம்? சரி, ஏறத்தாழ 6 பாகை. கெட்டிக்காரப் பிள்ளைகள்!

குரோட்டன் சூட்டில் பிறந்த செடி. பதுளையில் அது விறுவிறுவென்று வளரும். வெலிமடையில் நிதானமாக வளரும். மேலே ஏற ஏறக் கஷ்டப்படும். இரவுக் குளிர் 10 பாகை பக்கம் இறங்கினால் இலையை உதிர்க்கத் தொடங்கும். மார்கழி, தை இரவுகளில் நீங்கள் கம்பளிக்குள் சுருண்டு படுக்கிறீர்களே, அப்போது குரோட்டனுக்கும் குளிர்தான்.

ஆகவே நாம் அதற்கு மூன்று உதவிகள் செய்ய வேண்டும்.

முதலாவது ஒளி. உழைக்கும் பச்சை குறைவாக இருப்பதால், இருக்கிற பச்சைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். சிவப்பு நிறமும் வெளிச்சம் பட்டால்தான் நன்றாக உண்டாகும். நிழலில் வைத்தால் செடி கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் பிடிக்கப் பார்க்கும். புதிய இலைகளில் பச்சை கூடும், நிறம் மங்கும். நாளுக்குச் சில மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள்.

இரண்டாவது காற்றிலிருந்து பாதுகாப்பு. ஆனியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, நம் ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. தேயிலைக்கு அந்தக் காலத்தில்தான் ஊவாவின் பேர்போன வாசனை ஏறுகிறது. ஆனால் குரோட்டனின் அகன்ற இலையை அந்தக் காற்று கிழிக்கும், காய வைக்கும். காற்று தென்மேற்கிலிருந்து வருகிறதென்றால், செடியை வீட்டின் எந்தப் பக்கம் நட வேண்டும்?

கொஞ்சம் யோசியுங்கள்.

கிழக்குப் பக்கம்! வீட்டுச் சுவர் காற்றைத் தடுக்கும். காலை வெயிலும் நேராக விழும். பகலில் சூடேறிய சுவர், இரவில் கொஞ்சம் கதகதப்பும் தரும்.

மூன்றாவது மண். வேர் ஈரத்தை விரும்பும், தேங்கிய நீரை விரும்பாது. முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, மேல் மண்ணோடு கூட்டெருவும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். களிமண்ணாக இருந்தால் ஆற்று மணலும் சேருங்கள். சரிவான இடமென்றால் செடியைச் சுற்றிச் சின்ன வரம்பு கட்டுங்கள், மழை மண்ணை அள்ளிக்கொண்டு போகாது. சாடியில் நட்டால் அடியில் துளை இருக்க வேண்டும். கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் நுளம்பு முட்டையிடும், ஆகவே தட்டை அடிக்கடி கவிழ்த்துவிடுங்கள்.

விதையா, துண்டா?

குரோட்டன் பூக்கும், தெரியுமா? இலையின் நிறத்தைப் பார்ப்பவர்கள் பூவைப் பார்ப்பதில்லை. மெல்லிய நீண்ட காம்பில் வரிசையாகப் பூக்கும். ஆண் பூ சின்ன வெள்ளைக் குஞ்சம். பெண் பூவுக்கு இதழே இல்லை, மஞ்சள் கலந்த பச்சை. இரண்டும் வெவ்வேறு காம்பில் வரும்.

விதை முளைத்தால் கன்று தாயைப் பெரும்பாலும் அப்படியே ஒத்திருக்காது. அப்பா, அம்மா இருவரின் குணமும் புதிதாகக் கலந்து வரும். உலகில் நூற்றுக்கணக்கான குரோட்டன் வகைகள் உண்டானதற்கு இது ஒரு காரணம். சில நேரம் ஒரு கிளையில் மட்டும் விகாரம் ஏற்பட்டுப் புது நிறம் வரும், அது இன்னொரு காரணம்.

ஆனால் உங்களுக்குப் பிடித்த அதே நிறம் வேண்டும் என்றால் துண்டு வைத்துத்தான் வளர்க்க வேண்டும். இது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிய வித்தை இல்லை. உங்கள் அம்மாவோ பாட்டியோ வீ.பீ. தேயிலை மலையில் கொழுந்து எடுத்திருப்பார். வீ.பீ. தேயிலை விதையிலிருந்து வந்ததல்ல. நல்ல தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையும் சிறு தண்டும் உள்ள துண்டை வெட்டி, நாற்றுமேடையில் வேர்விட வைத்தது. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலையில் இருந்து இப்படிப்பட்ட பல இனங்களைத் தேர்ந்து தந்திருக்கிறது. ஒரு மலை முழுவதும் ஒரே தாயின் பிரதிகள்!

குரோட்டனுக்கும் அதே முறைதான். குளிர் குறைந்து மழை தொடங்கும் சித்திரை மாதம் வெலிமடைக்கு ஏற்ற காலம். பென்சில் தடிப்புள்ள கிளையில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளத் துண்டு எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கத்தியைப் பெரியவர் பிடிக்கட்டும். கசியும் சாற்றைக் கழுவுங்கள். கீழ் இலைகளை நீக்கிவிட்டு, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விடுங்கள். அவையும் பெரியவையாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள்.

இலையை ஏன் நறுக்க வேண்டும்? துண்டுக்கு இன்னும் வேர் இல்லை. தண்ணீர் உள்ளே வர வழி குறைவு. ஆனால் இலை வழியே நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். இலையைக் குறைத்தால் இழப்பும் குறையும். எல்லா இலையையும் எடுத்துவிட்டாலோ உணவு செய்ய ஆளில்லை. பார்த்தீர்களா, மறுபடியும் வரவு செலவுதான்.

மணலும் கூட்டெருவும் கலந்து நிரப்பிய பொலித்தீன் பையில் துண்டை நட்டு, நீர் ஊற்றி, மேலே கண்ணாடி போன்ற தெளிந்த பொலித்தீனால் மூடுங்கள். நிழலில் வையுங்கள். 4 முதல் 6 வாரத்தில் வேர் வரலாம். குளிராக இருந்தால் இன்னும் நாளாகும். பொறுமை வேண்டும். "வேர் வந்துவிட்டதா?" என்று தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள்! புதுக் குருத்து விட்டால் வேர் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து, வெளிக்காற்றுக்குப் பழக்கி, வெயிலுக்குக் கொண்டு வாருங்கள்.

இன்னொரு செடியில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். நீண்ட வாள் போன்ற இலையின் ஓரத்தில் மஞ்சள் கரை ஓடும் மருள் வகை ஒன்று சாடிகளில் இருக்கும். அதன் இலையைத் துண்டாக வெட்டி நட்டுப் பாருங்கள். கன்று வரும், ஆனால் மஞ்சள் கரை இருக்காது! இலை அடுக்குகள் இரண்டு வகைக் கலங்களால் ஆனவை என்று சொன்னேனே, அது இதுதான். வெட்டிய இலையில் புதுக் குருத்து பச்சையத்தைச் செய்யத் தெரிந்த கலங்களிலிருந்து கிளம்புகிறது. கரையோடு வேண்டுமென்றால் அடிக்கிழங்கைப் பிரித்து நட வேண்டும்.

பச்சைக் கிளை வந்தால்?

பன்னிறச் செடிகளில் சில நேரம் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். மற்றக் கிளைகளைவிட வேகமாக வளரும். விட்டுவைக்கலாமா?

உங்கள் விடை என்ன? காரணத்தோடு சொல்லுங்கள்.

அந்தக் கிளையில் இலை முழுவதும் உழைக்கிறது. வரவு அதிகம். ஆகவே உயர்ந்து, மற்றக் கிளைகளை நிழலில் தள்ளிவிடும். நாளடைவில் செடியே பச்சையாகிவிடும். நிறம் வேண்டுமென்றால் அந்தக் கிளையை அது தொடங்கும் இடத்திலேயே வெட்டிவிட வேண்டும். நுனியை மட்டும் கிள்ளினால் போதாது, பக்கத்தில் மறுபடி பச்சையாகவே துளிர்க்கும்.

செடி நெடுநெடுவென்று போனால், மழைக்காலத் தொடக்கத்தில் அளவாகக் கவ்வாத்து வெட்டுங்கள். தேயிலையைப் போலவே வெட்டிய இடத்துக்குக் கீழே பல கிளைகள் விடும். செடி அடர்ந்து வரும்.

வறண்ட காற்றுக் காலத்தில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. இலை மங்கி, அடியில் மெல்லிய நூல் ஓடினால் சிற்றுண்ணி. கொஞ்சமாக இருக்கும்போதே சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்தால் மருந்தே தேவைப்படாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. குரோட்டன் இலை, தண்டு, விதை எதையும் வாயில் வைக்கக் கூடாது. அதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும், உடுப்பில் பட்டால் கறையும் போகாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் சின்னத் தம்பி, தங்கை தவழ்ந்து திரிந்தால் செடியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் முறை

இனி உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரே தாய்ச் செடியிலிருந்து இரண்டு துண்டுகள் எடுங்கள். இரண்டும் வேர்விட்ட பிறகு, ஒரே அளவுப் பையில், ஒரே மண்ணில் வையுங்கள். ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வளருங்கள்.

ஏன் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்? ஒளி ஒன்று மட்டும் வேறாக இருந்தால்தான், வருகிற வித்தியாசம் ஒளியால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். தாய் ஒன்று என்பதால் பரம்பரையும் ஒன்று. பெரிய ஆராய்ச்சி நிலையங்களிலும் இந்த ஒழுங்கில்தான் சோதனை செய்கிறார்கள்.

வாரம் ஒரு தடவை புது இலையின் நிறத்தைக் கொப்பியில் வர்ணத்தோடு வரையுங்கள். உயரத்தை அளந்து எழுதுங்கள். திகதியை மறக்காதீர்கள். நான் சொன்னதற்கு மாறாக ஏதாவது கண்டால் அதை அழிக்காமல் அப்படியே எழுதுங்கள். கண்ணால் கண்டதை உள்ளபடி எழுதுகிறவர்தான் நல்ல விஞ்ஞானி.

மூன்று மாதம் கழித்து இரண்டு கன்றுகளையும் கொப்பியையும் வகுப்புக்குக் கொண்டுபோய் நண்பர்களுக்கு விளக்குங்கள். விளக்கி முடிந்ததும் வெயிலில் வளர்ந்த கன்றைப் பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவரோரம் நட்டுவிடுங்கள். நன்றாகக் கவனித்தால் குரோட்டன் பல ஆண்டுகள் வாழும். உங்களுக்குப் பின் அந்த வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் அதன் இலையைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கட்டும்.